கண் இமையில் உண்ணி: இருப்பதா நோய், பெருகுவதா?

பிடுங்கிய இமை முடி ஒன்று நுண்ணோக்கியின் அடியில் கிடக்கிறது. அதன் வேரை ஒட்டி நான்கைந்து வால்கள் மெதுவாக நெளிகின்றன. இப்படி ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அன்று இரவே கண் அரிப்பதாக உணர்பவர்கள் உண்டு. மறுநாள் கண் மருத்துவரிடம் போய், "எனக்கும் பூச்சி இருக்கா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் நடுவயதைத் தாண்டியவர் என்றால் "இருக்கலாம்" என்பதே நேர்மையான பதில். ஆனால் அந்தப் பதிலால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: என் இமையில் இருக்கும் சிவப்புக்கும் அரிப்புக்கும் அந்தப் பூச்சிதான் காரணமா?

இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும். ஆனால் முதல் கேள்விக்கு ஒரு முடியைப் பிடுங்கிப் பார்த்தால் போதும், இரண்டாவதற்கு இமை முழுவதையும் பார்க்க வேண்டும். இந்த நோய் பற்றிய குழப்பத்தில் பாதி, இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கொள்வதால் வருவது.

குடியிருப்பது யார்?

பேச்சில் பூச்சி என்றாலும் இது பூச்சி இனம் அல்ல. எட்டுக் கால் கொண்ட உண்ணி வகை, சிலந்திக்குத் தூரத்து உறவு. பெயர் டெமோடெக்ஸ். 1842இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்தாவ் சைமன் முகப்பருவை ஆராயும்போது மயிர்க்கால்களுக்குள் இதைப் பார்த்து விவரித்தார். அடுத்த ஆண்டு ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன் இந்தப் பெயரைச் சூட்டினார். கொழுப்பு, மரம் துளைக்கும் புழு என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்த பெயர். வாழும் இடத்தையும் உடல்வாகையும் பார்த்தால் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்.

மனிதத் தோலில் இரண்டு இனங்கள் வாழ்கின்றன:

1. டெமோடெக்ஸ் ஃபோலிகுலோரம். நீளம் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். இமை முடியின் மயிர்க்காலுக்குள் தலையை உள்ளே விட்டு, வாலை வாசல் பக்கம் நீட்டியபடி கூட்டமாக இருக்கும்.

2. டெமோடெக்ஸ் ப்ரெவிஸ். இதில் பாதி நீளம்தான், 0.2 மில்லிமீட்டருக்குள். எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் ஆழமாகப் போய்த் தனியாகக் கிடக்கும். முடியைப் பிடுங்கினாலும் பெரும்பாலும் அகப்படாது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பரிசோதனைகளின் குறை என்னவென்று எளிதாகப் புரியும்.

இரண்டுமே வெறும் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் பிடிக்காது. இரவில் வெளியே வந்து மணிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் நகர்ந்து, இணைசேர்ந்து, மறுபடி மயிர்க்காலுக்குள் போய்விடும். முட்டையில் தொடங்கி முதிர்ந்து சாகும் வரை ஆயுள் இரண்டு மூன்று வாரம். இதற்கு மலவாயே கிடையாது, செத்த பிறகுதான் கழிவெல்லாம் ஒட்டுமொத்தமாக வெளியேறும் என்று வெகுகாலம் எழுதி வந்தார்கள். 2022இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு அதை மறுத்துவிட்டது. மலவாய் உண்டு. சிகிச்சையில் இதனால் ஒரு மாற்றமும் இல்லை, உண்ணியின் மேல் இருந்த ஒரு பழி நீங்கியது, அவ்வளவுதான்.

பிறக்கும்போது யாரிடமும் இது இருப்பதில்லை. நெருங்கிப் பழகும்போது தோலிலிருந்து தோலுக்கு வருகிறது. வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறும். சிறு குழந்தைகளிடம் அரிது, 70 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் உண்டு. ஆகவே இது அழுக்கின் அடையாளமோ, வெட்கப்பட வேண்டிய தொற்றோ அல்ல. வீட்டு நாய்க்கு வருவது வேறு இனம், அதைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

இமையில் முன்பக்கம், பின்பக்கம்

மருத்துவச் சீட்டில் "பிளெஃபரைட்டிஸ்" என்று எழுதியிருந்தால் இமை விளிம்பில் அழற்சி என்று பொருள். அது ஒரு நோயின் பெயர் என்பதைவிட ஓர் இடத்தின் பெயர் என்பதே சரி. காய்ச்சல் என்று எழுதினால் எப்படிக் காரணம் தெரியாதோ, அப்படித்தான் இதுவும்.

இமை விளிம்பில் முன்வரிசையில் முடிகள், அதற்குச் சற்றுப் பின்னால், கண்ணை ஒட்டியபடி, குண்டூசி முனை அளவில் வரிசையாகத் துளைகள். அவை மைபோமியன் சுரப்பிகளின் வாய்கள். மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை இருக்கும். நாம் இமைக்கும்போதெல்லாம் அவற்றிலிருந்து துளி எண்ணெய் வெளிவந்து கண்ணீரின் மேல் ஏடாகப் படர்கிறது. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காப்பது அந்த ஏடுதான்.

ஃபோலிகுலோரம் முன்வரிசைக்காரர், ப்ரெவிஸ் பின்வரிசைக்காரர். முன்னவர் பெருகினால் முடி வேரில் பொடுகும் அரிப்பும். பின்னவர் பெருகினால் எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டுக் கண் உலர்ச்சியும், திரும்பத் திரும்ப வரும் கட்டியும். பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

சும்மா இருப்பது எப்போது தொல்லையாகிறது?

மூன்று வழிகளில் அழற்சி கிளம்புவதாகக் கண் மருத்துவம் சொல்கிறது.

1. உரசல். உண்ணியின் நகங்கள் மயிர்க்காலின் உள்தோலைச் சுரண்டுகின்றன. தோல் பதிலுக்குத் தடித்து, செதிளாக உதிர்ந்து முடியின் அடியில் சேர்கிறது.

2. அடைப்பு. சுரப்பிக் குழாயின் வாயில் உண்ணியும் செதிளும் சேர்ந்தால் எண்ணெய் வெளிவராமல் உள்ளேயே கெட்டியாகிறது.

3. எதிர்ப்பு. உண்ணி தன் உடலின் மேலும் உள்ளேயும் பாக்டீரியாக்களைச் சுமக்கிறது. உண்ணி சாகும்போது அவற்றின் புரதங்கள் வெளியேறி, உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டிவிடக்கூடும். முகம் சிவந்து ரத்தநாளங்கள் தெரியும் ரோசேசியா உள்ளவர்களிடம் இந்த எதிர்வினை அதிகம் காணப்படுகிறது. அதனால்தான் இமையைப் பார்க்க வந்தவரின் கன்னத்தையும் மூக்கையும் நல்ல மருத்துவர் ஒரு முறை பார்த்துவிடுகிறார்.

ஒரே அளவு உண்ணி இருந்தும் ஒருவருக்கு ஒன்றும் செய்யாமல் இன்னொருவரைப் படுத்துவதற்குக் காரணம் இந்த மூன்றாவது வழி. எண்ணிக்கையை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது என்பதற்கும் காரணம் இதுவே.

அறிகுறிகளை நம்பலாமா?

இமை விளிம்பில் அரிப்பு, மண் விழுந்தது போன்ற உறுத்தல், எரிச்சல், காலையில் இமை ஒட்டிக்கொள்வது, இமைத்தால் தெளிந்து மறுபடி மங்கும் பார்வை, முடி உதிர்தல், முடி உள்பக்கமாக வளைந்து வளர்தல். இந்தப் பட்டியலில் உள்ள எதுவும் உண்ணிக்கு மட்டும் சொந்தமானது அல்ல. ஒவ்வாமைக்கும் உலர் கண்ணுக்கும் பாக்டீரியா அழற்சிக்கும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். மாறாக, முடி வேர் முழுக்கப் பொடுகு மண்டியிருந்தும் "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்பவர்களும் இருக்கிறார்கள்.

அரிப்பு எங்கே என்று துல்லியமாகக் கேட்டால் மட்டும் கொஞ்சம் உதவும். மூக்கோரம், கண்ணின் உள்மூலையில் அரித்தால் ஒவ்வாமைப் பக்கம் சந்தேகம் சாயும். முடி வரிசையை ஒட்டி, அதுவும் காலையில் எழுந்ததும் அரித்தால் உண்ணிப் பக்கம். இது சந்தேகத்தை நகர்த்துமே தவிர, முடிவைத் தராது.

"கீழே பாருங்கள்"

முடிவைத் தருவது ஸ்லிட் லாம்ப் என்ற கருவி. தாடையை வைத்து நெற்றியை முட்டக் கொடுத்து உட்காருவோமே, அதுதான். எந்தக் கண் மருத்துவமனையிலும் இருக்கிறது. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஆனாலும் இந்த நோய் ஆண்டுக்கணக்கில் தவறிப்போவது ஏன்?

பெரும்பாலும் கண்கள் நேராகப் பார்க்கும்போது பரிசோதனை முடிந்துவிடுவதால். நேராகப் பார்க்கையில் மேல் இமை முடிகளின் வேர், மருத்துவரின் பார்வைக் கோணத்தில் மறைந்துவிடும். முடியின் நுனிகளே அவரை நோக்கி நிற்கும். "கீழே பாருங்கள்" என்று சொன்னதும் மேல் இமை இறங்கி விரிகிறது. முடிகள் தோலிலிருந்து கிளம்பும் இடம் அப்படியே வெளிச்சத்துக்கு வருகிறது. ஐந்து நொடி வேலை.

அங்கே தேட வேண்டியது உண்ணியை அல்ல. ஸ்லிட் லாம்ப் பெருக்கத்தில் உண்ணி தெளிவாகத் தெரியாது. தேட வேண்டியது அது விட்டுச் சென்ற தடயம்: முடியின் அடியில், தோலை ஒட்டி, முடியைச் சுற்றி வளைத்த மெழுகு நிற உறை. கைக்குக் காப்பு மாட்டியது போல முடிக்கு ஒரு காப்பு. சாதாரணப் பொடுகு முடியின் மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொங்கும், தட்டினால் விழும். இந்த உறை குழாய் போல வேரைக் கவ்வியிருக்கும். முடி வளரும்போது சில உறைகள் கூடவே மேலேறி நடுவிலும் தெரியும். செத்த தோல் செல்கள், உண்ணியின் முட்டைகள், கழிவு எல்லாம் கலந்து இறுகியதுதான் இது. உருளைப் பொடுகு என்று சொல்லலாம். இத்தகைய உறை உள்ள முடிகளில் உண்ணி கட்டாயம் என்று சொல்லும் அளவுக்கு இருப்பதை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதன் பிறகு கண் மருத்துவர்கள் இதையே இந்த நோயின் முத்திரையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எவ்வளவு என்று அளக்கவும் ஓர் அளவுகோல் புழக்கத்தில் இருக்கிறது. மேல் இமையில் உறை கட்டிய முடிகளை எண்ணுவார்கள்:

1. இரண்டு வரை: நிலை 0.
2. மூன்று முதல் பத்து வரை: நிலை 1.
3. பத்துக்கு மேல், மொத்த முடிகளில் மூன்றில் ஒரு பங்குக்குள்: நிலை 2.
4. மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை: நிலை 3.
5. அதற்கும் மேல்: நிலை 4.

உறை ஏமாற்றும் சந்தர்ப்பங்களும் உண்டு. மஸ்காரா மிச்சமும், செயற்கை இமை முடி ஒட்டிய பசையும் உறை போலத் தெரியும். மருத்துவரிடம் போகிறோமே என்று அன்று காலை இமையை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனால், இருக்கும் தடயமும் போய்விடும். பரிசோதனைக்குப் போகும் நாளில் கண் மை வேண்டாம், இமையைத் தேய்க்கவும் வேண்டாம்.

முடி பிடுங்கிப் பார்ப்பது எப்போது?

உறை தெளிவாகத் தெரிந்தால் பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை. சந்தேகம் இருக்கும்போதும், சிகிச்சை பலிக்காதபோதும்தான் இது தேவைப்படுகிறது. சிலருக்குக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும், அதுவும் ஒரு காரணம்தான். வழக்கமான முறை இப்படி:

1. நான்கு இமைகளிலும் இமைக்கு இரண்டு வீதம், உறை உள்ள முடிகளாகப் பார்த்து நுண்ணிடுக்கியால் எடுப்பார்கள். மொத்தம் எட்டு முடி.

2. கண்ணாடிச் சில்லில் முடியை வைத்து, முதலில் கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடியால் மூடிவிட்டு, பிறகு ஓரத்தில் துளி திரவம் விடுவார்கள். இந்த வரிசை முக்கியம். திரவத்தை முதலில் விட்டால் உண்ணிகள் முடியிலிருந்து விலகி மிதந்து போய், எண்ணிக்கை குறைந்துவிடும்.

3. உறைக்குள் சிக்கியிருக்கும் உண்ணி உடனே வெளிவராது. ஆல்கஹாலோ ஃப்ளூரசின் சாயமோ ஒரு துளி விட்டால் உறை இளகும். சில நிமிடம் பொறுத்தால் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அவசரப்பட்டுப் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதிவிடுவது இங்கே நடக்கும் வழக்கமான பிழை.

4. பிறகு எண்ணிக்கை.

பூச்சியம் வந்தால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. முடி வரும்போது உண்ணி மயிர்க்காலுக்குள்ளேயே தங்கிவிடலாம். ப்ரெவிஸ் இருக்கும் இடத்துக்கு இடுக்கி எட்டவே எட்டாது. மாறாக, இரண்டு மூன்று வந்தால் நோய் என்றும் ஆகிவிடாது.

பிடுங்காமலே பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. உறையை நீக்கிவிட்டு, முடியை இடுக்கியால் பிடித்து மயிர்க்காலுக்குள்ளேயே மெல்லச் சுழற்றினால், குடியிருப்பவை கலைந்து மேலே வரும். ஸ்லிட் லாம்பை உச்சப் பெருக்கத்தில் வைத்தால் வேரைச் சுற்றிக் கண்ணாடி போன்ற வால்கள் எட்டிப் பார்ப்பது தெரியும். தேர்ந்த கை வேண்டும். கான்ஃபோக்கல் நுண்ணோக்கி என்ற கருவி மயிர்க்காலின் உள்ளேயே படமெடுத்துக் காட்டும், ஆனால் அது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

முடிவை எப்படிப் படிப்பது?

உறையும் இருக்கிறது, விளிம்பு சிவந்து அரிக்கவும் செய்கிறது என்றால் நோய் உறுதி. உண்ணி கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் சிகிச்சை தொடங்கலாம். உண்ணி ஓரிரண்டு இருக்கிறது, உறையும் இல்லை, அழற்சியும் இல்லை என்றால் விட்டுவிடலாம். அது குடியிருப்பு, படையெடுப்பு அல்ல. உறை இருக்கிறது, தொல்லை மட்டும் இல்லை என்றால் கண்காணிப்பு போதும். கண் அறுவை சிகிச்சை செய்யப் போகிறவர்களுக்கும் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கும் மட்டும் முன்கூட்டியே சுத்தம் செய்யச் சொல்வார்கள்.

அழற்சி இருக்கிறது, உறை இல்லை என்பது நான்காவது சாத்தியம். அங்கே உண்ணியை விட்டுவிட்டு வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

உண்ணி போல வேடமிடுபவை

ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவால் வரும் அழற்சியில் பொருக்கு கடினமாக, நொறுங்கும் தன்மையில் இருக்கும். உரித்தால் அடியில் சிறு புண்ணோ ரத்தமோ தெரியும். பொடுகுத் தோல் அழற்சியில் செதில் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும், புருவத்திலும் தலையிலும் அதே பொடுகு இருக்கும். மைபோமியன் சுரப்பி அடைப்பில் முடி வேர் சுத்தமாகவே இருக்கலாம். இமையை அழுத்தினால் தெளிந்த எண்ணெய்க்குப் பதிலாகப் பற்பசை போலக் கெட்டியாக வரும். மை, முகக்கிரீம், ஏன், கண் சொட்டு மருந்தேகூட ஒத்துக்கொள்ளாமல் போனால் இமைத் தோல் வறண்டு சுருங்கிச் சிவக்கும்.

இரண்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், தவறினால் விளைவு பெரிது.

1. இமைப் பேன். இது டெமோடெக்ஸ் அல்ல, நண்டுப் பேன். ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். முட்டைகள் முடியின் தண்டில் ஒட்டியிருக்கும். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் பாலுறவு வழியாகப் பரவுவது. குழந்தையின் இமையில் கண்டால் அது எப்படி வந்தது என்று மருத்துவர் பொறுப்போடு விசாரித்தாக வேண்டும், பாலியல் துன்புறுத்தலின் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும்.

2. எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய். அரிதுதான். ஆனால் தீராத இமை அழற்சி போலவே நடிக்கும். உண்ணி பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் இருக்கும். வயதானவருக்கு ஒரே கண்ணில், ஒரே இடத்தில் முடி கொட்டி, விளிம்பு தடித்து, மருந்துக்கு மசியாமல் மாதக்கணக்கில் நின்றால், அல்லது ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தால், சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

காரணம் தவறினால் மருந்தும் தவறும்

ஆன்டிபயாட்டிக் சொட்டு பாக்டீரியாவைக் குறைக்கும், உண்ணியைத் தொடாது. ஸ்டீராய்டு சொட்டு சிவப்பை இரண்டே நாளில் அடக்கிவிடும். நிறுத்தியதும் திரும்பும், மறுபடி அதே சொட்டு. மேற்பார்வை இல்லாமல் இப்படியே ஓட்டினால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம். ஆறு மாதத்தில் மூன்று முறை "கண் சிவப்பு" என்று சொட்டு எழுதி வாங்கியவரை அடுத்த முறையாவது கீழே பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும்.

வெதுவெதுப்பான ஒத்தடமும் இமை சுத்தமும் உறையைக் கரைக்கும், ஆனால் உண்ணியை அழிக்காது. குழந்தை ஷாம்பூவும் அப்படியே. டீ ட்ரீ எண்ணெயில் உள்ள டெர்பினென்-4-ஆல் என்ற பொருள் உண்ணியைக் கொல்லும். அதே பொருள் மைபோமியன் சுரப்பியின் செல்களையும் பாதிக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. கடையில் கிடைக்கும் எண்ணெயை நீர்க்காமல் இமையில் தடவுவது கருவிழியைப் புண்ணாக்கும். இணையத்தில் தாராளமாகப் பரிந்துரைக்கப்படுவது இதுதான், செய்யக் கூடாததும் இதுதான்.

2023 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் லோட்டிலானர் 0.25 சதவீதக் கண் சொட்டுக்கு அனுமதி வழங்கியது. இந்த நோய்க்கென்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. உண்ணியின் நரம்பு மண்டலத்தைச் செயலிழக்கச் செய்கிறது. நாளைக்கு இரண்டு வேளை, ஆறு வாரம். ஒட்டுண்ணிகளுக்கு எதிரான ஐவர்மெக்டின் மாத்திரையையும் சில மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள், அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது, தானாக வாங்கி விழுங்குவது அல்ல.

ஆறு வாரம் எதற்கு என்பது உண்ணியின் ஆயுளைப் பார்த்தால் விளங்கும். இன்று முதிர்ந்தவை செத்தாலும் மயிர்க்காலுக்குள் முட்டைகள் மிஞ்சும். அவை பொரிந்து வளர்ந்து வரும்போதும் மருந்து அங்கே இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு தலைமுறையாவது கடக்க வேண்டும். பத்து நாளில் அரிப்பு நின்றதும் நிறுத்தியவர்கள் மூன்றாம் மாதம் திரும்பி வருவது இதனால்தான்.

கெடு முடிந்ததும் மறுபடி ஸ்லிட் லாம்ப், மறுபடி "கீழே பாருங்கள்". உறைகள் பழையபடியே இருந்தால், சொட்டு ஒழுங்காக விழுந்ததா, ஒரே தலையணையைப் பகிர்ந்துகொள்பவரின் இமையையும் பார்க்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். உறைகள் போய், எரிச்சல் மட்டும் மிஞ்சியிருந்தால் இன்னொரு சுற்று உண்ணி மருந்து வேண்டாம். பின்வரிசைச் சுரப்பிகளை அழுத்திப் பார்த்து, கண்ணின் மேல் படர்ந்த கண்ணீர்ப் படலம் எத்தனை நொடி உடையாமல் நிற்கிறது என்று அளக்க வேண்டும். பத்து நொடிக்குள் உடைந்தால் இனி பார்க்க வேண்டியது உலர் கண்ணை.